ஒரே கட்டில், இரண்டு தலையணை: சென்னை நட்சத்திர ஓட்டல் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜெனரல் மேனேஜர்களுக்கு,

வணக்கம். வருடா வருடம் டிசம்பர் கடைசியில் திருச்சியில் ரயிலேறி, மார்கழிக் கச்சேரி கேட்கச் சென்னைக்கு வருகிற இரண்டு பேரில் ஒருவன் நான். பதினான்கு சீசன் ஆகிவிட்டது. காலையில் மியூசிக் அகாடமியில் லெக்-டெம் என்கிற பாட்டோடு கூடிய விளக்கவுரை, மதியம் எந்த சபாவில் டிக்கெட் இல்லாத கச்சேரியோ அங்கே, நடுவில் கேன்டீன், மாலையில் பெரிய கச்சேரி, ராத்திரி ஓட்டல். முதல் ஆறேழு வருடம் லாட்ஜ்களில் தங்கினோம். அப்புறம் சம்பளமும் ஏறியது, முதுகுவலியும் ஏறியது. உங்கள் பக்கம் வந்துவிட்டோம்.

கூட வருகிறவர் என் துணைவர். ‘வீட்டுக்காரர்’ என்றே எழுதலாமா என்று யோசித்தேன். வாடகை வாங்குகிறவர் என்று நினைத்துக்கொள்வீர்கள். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே குக்கரில் சோறு வைக்கிறோம். இருவரும் ஆண்கள். உங்கள் ரிசப்ஷனில் இது ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் சிக்கலாகிறது. அந்தச் சின்னச் சிக்கலைப் பற்றித்தான் இந்த நீளமான கடிதம்.

போன டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஓட்டல் என்று சொல்லப்போவதில்லை. உங்களில் யாராகவும் இருக்கலாம் என்று நினைத்துப் படித்தால் எனக்குப் போதும்.

அன்று காலை வந்து சேர்ந்தபோது அறை தயாராகவில்லை. பெட்டிகளை பெல் டெஸ்க்கில் போட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டோம். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை, அதனால் வெளியே வந்தபோது ஆட்டோக்களை எல்லாம் எழுந்துபோனவர்கள் பிடித்துவிட்டிருந்தார்கள். லாபிக்குள் நுழையும்போது மணி பதினொன்றேகால். நைட் டூட்டியில் ஒரு பையன், இருபத்துமூன்று இருபத்துநாலு வயது இருக்கும்.

“சார், இதுல டபுள் பெட்னு வந்திருக்கு. ட்வினா, ரெண்டு தனிக் கட்டிலா மாத்திக் குடுத்துரட்டுமா?”

“வேண்டாம் தம்பி, டபுள்தான் கேட்டிருக்கோம்.”

“இல்ல சார், ஆன்லைன்ல போடும்போது சில சமயம் தப்பா விழுந்துடும்.”

“தப்பா விழல.”

பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நின்றது. பெட்டி தள்ளுகிற ட்ராலியின் மேலே அவர்களுடைய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அப்பாக்காரர் கைபேசியில் இருந்து தலையை நிமிர்த்தி எங்களைக் கவனிக்க ஆரம்பித்தார்.

“ஒரே பெட்ல ரெண்டு பேருக்கும் அன்ஈஸியா இருக்கும் சார். எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்லாம ட்வின் டீலக்ஸ் தர்றேன். கடல் தெரியும்.”

அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தூங்கப்போகிற இரண்டு பெரியவர்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். மூன்றாவது தடவையும் மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும். சொன்னால் ட்ராலிக்காரரும் கேட்பார். இவர் என் சட்டைக் கையை லேசாகத் தொட்டார். அதற்கு எங்கள் வீட்டில் ‘விடு’ என்று அர்த்தம். “சரி தம்பி, குடுங்க” என்றேன்.

அதற்குப் பிறகு அறைக்குள் நடந்தது உங்கள் ஹவுஸ்கீப்பிங் துறைக்குத் தெரியாது, தெரிய வேண்டும். நடுவில் இருக்கும் சின்ன மேசையை முதலில் எடுக்க வேண்டும். அதன் பின்னால் போன் வயரும் விளக்கு வயரும் சுவருக்குள் போகும். இழுத்தால் ரிசப்ஷனில் மணி அடித்துவிடுமோ என்று பயம். உயர்ந்த ரக ஓட்டல்களில் தலைமாட்டுப் பலகை சுவரோடு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கும், கட்டில் மட்டும்தான் நகரும். மரத் தரை என்றால் கீழ் அறைக்குச் சத்தம் கேட்கும், ஆகவே கட்டில் காலுக்கு அடியில் துண்டை மடித்து வைத்துத் தள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்த பிறகும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். கூடுதல் போர்வையை நீளவாக்கில் சுருட்டி அதில் அடைத்து, மேலே படுக்கை விரிப்பைக் குறுக்காகப் போட்டால் ஒப்பேறும். யாருக்காவது நடுராத்திரி கை அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும், அது வேறு விஷயம். காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தள்ளி, இரண்டாவது கட்டிலிலும் ஆள் படுத்த மாதிரி விரிப்பைக் கசக்கி, தலையணையில் ஒரு குத்துக் குத்தி வைக்க வேண்டும். ரூம் பாய் வந்து பார்த்தால் இரண்டு நண்பர்கள் தனித்தனியாகத் தூங்கி எழுந்த அறை. இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே தச்சு வேலை இதுதான். ஒரு ராத்திரிக்கு உங்களிடம் ஒன்பதாயிரமும் பத்தாயிரமும் கொடுத்துவிட்டு இதைச் செய்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊரில் இரண்டு ஆண்கள் ஒரே கட்டிலில் படுப்பது ஒரு செய்தியே கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்து மேலே வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டிலில் இரண்டு பேர், தரையில் பாய் போட்டு இரண்டு பேர், சனிக்கிழமை ஊரில் இருந்து வந்த சித்தப்பா மகன் வாசல்படியில். கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை அறையில் எட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்குவார்கள். யாரும் ஒன்றும் நினைத்ததில்லை. நாங்கள் தங்கிய பழைய லாட்ஜ்களிலும் ஒரே கட்டில்தான் இருந்தது, யாரும் மன்னிப்புக் கேட்டு மாற்றித் தரவில்லை. இடமில்லாமல் சேர்ந்து படுத்தால் சகஜம். வேண்டும் என்று கேட்டு வாங்கினால்தான் புருவம் உயர்கிறது. உங்கள் ஓட்டலில் இடம் நிறைய இருப்பதுதான் எங்களுக்குப் பிரச்சினை என்று இவர் சொல்வார்.

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு விஷயம் உங்கள் தொழிலோடு ஒட்டியது என்பதால் சொல்கிறேன். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் விரும்பிச் சேர்வதைக் குற்றமாக்கிய அளவில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவைச் செல்லாது என்றதே, அந்த வழக்கில் ஓட்டல்காரர்களின் கை இருந்தது. 2016இல் மனுப் போட்ட ஐந்து பேரில் நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹர் பெயர் முதலில் இருந்ததால் வழக்கு அவர் பெயரில் நிற்கிறது. அந்த ஐவரில் ஒருவர் அமன் நாத், நீம்ரானா ஓட்டல் குழுமத்தை நிறுவியவர்களில் ஒருவர். தரங்கம்பாடியில் டேனியக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பங்களாவை ஓட்டலாக்கியது அந்தக் குழுமம்தான். இன்னொருவர் ரிது டால்மியா, உணவகங்கள் நடத்துகிறவர். 2018இல் தனியாக மனுப் போட்டுச் சேர்ந்துகொண்ட கேசவ் சூரி, லலித் ஓட்டல் குழுமத்தைச் சேர்ந்தவர். தீர்ப்பு வந்த அன்று டெல்லியில் அந்த ஓட்டலின் ஊழியர்கள் லாபியிலேயே ஆடிய வீடியோ நாடெங்கும் ஓடியது. நான் அதை எங்கள் ஆபீஸ் கழிவறைக்குள் நின்று சத்தம் இல்லாமல் பார்த்தேன்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால் வேறொரு டிசம்பர். இதே விடுதலையை 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்திருந்தது, அதை 2013 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் திருப்பி எடுத்துக்கொண்டது. சீசன் சூடு பிடிக்க இன்னும் நாலைந்து நாள். டிக்கெட் எல்லாம் வாங்கி வைத்திருந்தோம். இவர் லாட்ஜுக்குப் போன் போட்டு, ஒரு அறையை இரண்டாக மாற்றிக்கொண்டார். பயந்து அல்ல, ‘எதுக்கு வம்பு’ என்று. அந்த வருடம் தனித்தனி அறை, தனித்தனி மாடி. காலையில் காபி குடிக்க நான் ஒரு மாடி இறங்க வேண்டும். யார் யார் கச்சேரி கேட்டோம் என்று அந்த வருடத்தைப் பற்றி மட்டும் எனக்கு நினைவே இல்லை, படிக்கட்டுதான் ஞாபகத்தில் இருக்கிறது.

சரி, உங்கள் பயம் என்னவென்று எனக்கும் தெரியும். போலீஸ். 2005இல் இதே சென்னையில், ஒரு நட்சத்திர ஓட்டல் விருந்தில் ஆணும் பெண்ணும் முத்தமிட்ட படங்கள் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வந்து, ஓட்டலின் உரிமத்திலேயே கைவைத்தார்கள். அந்தக் காலத்தில் டூட்டியில் இருந்தவர்கள்தான் இன்று ஜெனரல் மேனேஜர்கள். அந்த அதிர்ச்சி உங்கள் எலும்பில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்திருக்கிறது. 2019 ஜூனில் கோயம்புத்தூரில், மணமாகாத ஜோடிகள் தங்கினார்கள் என்ற புகாரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்குச் சீல் வைத்தார்கள். அதே வருடம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ், மணமாகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று எழுதிச் சீலை எடுக்க உத்தரவிட்டார். ஆண்-பெண் ஜோடிக்கே அப்படி ஒரு சட்டம் இல்லை என்றால், இரண்டு ஆண்களுக்கு எங்கிருந்து வந்துவிடும்?

2021இல் மதுரையில் இருந்து தப்பிச் சென்னைக்கு வந்த, ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியல் ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்ந்தது: எங்களைப் போன்றவர்களையோ எங்களுக்காக வேலை செய்கிறவர்களையோ போலீஸ்காரர் தொந்தரவு செய்யக் கூடாது. அதே வருடம் அரசிதழில், எங்களை எந்தத் தமிழ்ச் சொல்லால் அழைப்பது என்று ஒரு சொற்பட்டியலும் வந்தது. ஆகவே உங்கள் பயிற்சித் துறை சொல் தேடித் திண்டாட வேண்டாம். நீதிபதியே வகுப்புக்குப் போயிருக்கிறார். உங்கள் நைட் மேனேஜர் ஒரு மணி நேரம் போகலாம்.

இதற்கெல்லாம் அடியில் ஒன்று கிடக்கிறது. அரசியலமைப்பின் 15(2)ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களால் யாரையும் எங்கே தடுக்கக் கூடாது என்று பட்டியல் போடும்போது, கடைகளுக்கும் உணவகங்களுக்கும் பக்கத்தில் ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். போட்டவர்களுக்குக் காரணம் தெரியும். ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஓட்டல் வாசலில்தான் ஒரு மனிதன் யார் என்று கேள்வி கேட்டார்கள். 1957இல் திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற ஒற்றைச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்திய ஊர் இது. 15ஆவது பிரிவில் உள்ள ‘பால்’ என்ற சொல்லுக்குள் பாலின ஈர்ப்பும் அடங்கும் என்று 2018 தீர்ப்பிலேயே பேசியாகிவிட்டது.

கல்யாணம் மட்டும் இன்னும் இல்லை. 2023 அக்டோபர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்தின் பக்கம் தள்ளிவிட்டது. ஆனால் 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம், நாங்கள் வங்கியில் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கத் தடை எதுவும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் ஆவதற்கு வழி என்று இல்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. ஜாயின்ட் அக்கவுன்டில் இருந்து பணம் வருகிறது. வாங்கிக்கொண்டு இரண்டு கட்டில் கொடுக்கிறீர்கள்.

இங்கிலாந்தில் இதே கட்டில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008இல் கார்ன்வால் கடற்கரையில் ஒரு கணவன் மனைவி நடத்திய சின்ன ஓட்டலில், இரண்டு ஆண்களுக்கு டபுள் பெட் அறை கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கல்யாணமான ஆண்-பெண்ணுக்கு மட்டும்தான் டபுள் பெட், அது எங்கள் மத நம்பிக்கை என்றார்கள். ஆளுக்கு 1,800 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் மேலே மேலே போனார்கள். 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அது பாகுபாடுதான் என்று முடித்துவிட்டது. அந்தத் தம்பதி மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. தங்கள் கொள்கை என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, வெளிப்படையாகச் சொன்னார்கள். உங்களிடம் கொள்கையே கிடையாது. நைட் டூட்டிப் பையனின் முகத்தில் அந்த நேரத்துக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் கொள்கை.

இப்போது உங்கள் வருமானப் பக்கம். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்குள் என்றால் 5. அனுபவத்தில் சொல்கிறேன், ஏறக்குறைய அதே கோட்டில்தான் கேள்விகளும் குறைகின்றன. கோட்டுக்குக் கீழே ‘என்ன உறவு’, ‘எந்த ஊர்’, ‘என்ன வேலையா வந்திருக்கீங்க’. கோட்டுக்கு மேலே போனால் ‘வெல்கம் சார்’. ரொம்ப மேலே போய் சூட் அறை எடுத்தால் யாரும் கண்ணைக்கூட உயர்த்துவதில்லை, ஒரு தடவை இவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எடுத்துப் பார்த்தோம். லக்ஷரி என்று நீங்கள் விற்பதில் பாதி, கேள்வி கேட்காமல் இருப்பது. பளிங்குத் தரை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த விலை கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? எங்களுக்குத் தெரிந்த இரண்டு பெண்கள், இருவரும் தனியார் பள்ளி ஆசிரியைகள், ஒரு பரீட்சை எழுதச் சென்னை வந்தார்கள். மூன்று லாட்ஜில் ‘லேடீஸ் மட்டும் என்றால் கூட யாராவது ஜென்ட்ஸ் வேண்டும்’ என்றார்கள். இவர்கள் ஜோடி என்று யாரும் சந்தேகப்படவே இல்லை. பெண்களாக இருந்ததே போதுமான குற்றம். கடைசியில் எழும்பூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்தே ராத்திரியைக் கழித்துவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதினார்கள். திருநங்கையர் கதை இன்னும் மோசம், அவர்களுக்கு ரிசப்ஷன் வரைக்கும் போகக்கூட வழியில்லை. உங்கள் வாசலில் மெட்டல் டிடெக்டருக்குப் பக்கத்தில் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்குத் திரை போட்ட ஒரு மறைப்பு. எந்தப் பக்கம் போனாலும் செக்யூரிட்டிக்காரர் இன்னொரு பக்கம் கை காட்டுவார். பொதுமக்களுக்கான தங்கும் வசதியைத் திருநருக்கு மறுக்கக் கூடாது என்று 2019 திருநர் சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. செக்யூரிட்டி ஏஜென்சியோடு நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு எங்கேயாவது இருக்கிறதா?

ஜூன் மாதம் வந்தால் உங்களில் சிலர் லாபியில் வானவில் நிறத்தில் கேக் வைக்கிறீர்கள். நன்றி. கேக் நன்றாகத்தான் இருந்தது, ஃபுட் கலர் கொஞ்சம் ஜாஸ்தி. 2009இல் இருந்து சென்னையில் வானவில் பேரணி நடக்கிறது, அதில் நடந்து வியர்த்து வருகிறவர்களுக்கு உங்கள் லாபியின் ஏசி ஒரு வரம். ஆனால் கேக் வைத்த அதே கவுன்டரில் ‘சார், ட்வின் பெட்டா மாத்திரட்டுமா’ என்று கேட்டால் அந்தக் கேக்கை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? மார்க்கெட்டிங் துறைக்குத் தெரிந்தது நைட் டூட்டிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஜூன் வேண்டாம். டிசம்பர் ராத்திரி பதினொன்றேகால் மணிதான் வேண்டும்.

2025 பிப்ரவரியில் பாங்காக் போனோம். தாய்லாந்தில் அந்த வருடம் ஜனவரி 23ஆம் தேதியில் இருந்து ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். நாங்கள் அதற்காகப் போகவில்லை, மூன்றரை மணி நேர விமானம், டிக்கெட்டும் மலிவாகக் கிடைத்தது. சீலோம் பக்கம் ஒரு நடுத்தரமான ஓட்டல், உங்கள் ஓட்டல்களைவிட இரண்டு நட்சத்திரம் குறைவு. ரிசப்ஷனில் ஒரு நடுவயதுப் பெண்மணி இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். ‘பெரிய கட்டில், மேல் மாடி, லிஃப்டுக்குப் பக்கம் வேண்டாம், சரிதானே?’ என்றார். சரிதான் என்றோம். அவ்வளவுதான். புன்னகைகூடக் கூடுதலாக இல்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற ஜெர்மன் தம்பதியிடமும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டார்.

அறைக்குள் போனால் கட்டில் மேல் துண்டில் செய்த இரண்டு அன்னங்கள், கழுத்தோடு கழுத்து முட்டிக்கொண்டு. தேனிலவு ஜோடிகளுக்குச் செய்கிற அசட்டு அலங்காரம் அது, நாங்கள் இருவரும் ஐம்பது தாண்டியவர்கள். நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. அன்னத்தைக் கலைக்க மனசு வராமல் பெட்டியைக்கூடத் திறக்காமல் சோபாவில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் குளிக்கத் துண்டு வேண்டும் என்று நான்தான் ஒரு அன்னத்தைப் பிரித்தேன். அடுத்த மூன்று நாளும் மிச்சம் இருந்த ஒற்றை அன்னம் மேசை மேல் இருந்தது. அந்த ஊரில் நாங்கள் செலவழித்த பணத்தை இங்கே சொன்னால் இவர் என்னைத் திட்டுவார்.

வெளிநாட்டு விருந்தினர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருந்தோ தைவானில் இருந்தோ மகாபலிபுரம் பார்க்க வரும் இரண்டு ஆண்கள் தங்கள் நாட்டில் முறைப்படி கல்யாணம் ஆனவர்களாக இருக்கலாம். தைவானில் 2019இல் இருந்தே அது உண்டு. அவர்களுக்காக நீங்கள் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு வெளிநாட்டவர் விவரப் படிவம் அனுப்ப வேண்டும், நைட் டூட்டிக்கு அதுவே பெரிய பதற்றம். அந்தப் படிவம் கேட்பது பாஸ்போர்ட், விசா, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார். கட்டிலைப் பற்றி அதில் ஒரு கட்டமும் கிடையாது. உள்ளூர்க்காரரிடம் ஒரு அடையாள அட்டை. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் ஓட்டல் தானாகச் சேர்த்துக்கொண்டது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். ரொம்பச் சின்ன வேலை. விருந்தினர் எந்தக் கட்டில் கேட்டு முன்பதிவு செய்தாரோ அதைக் கொடுங்கள். மாற்ற வேண்டும் என்றால் அவரே கேட்பார், வாய் இருக்கிறது. இதை ஒரு வரியாக எழுதி, டூட்டி மாறும்போது படிக்கும் லாக் புத்தகத்தில் ஒட்டுங்கள். இரண்டு பேர் என்று பதிவு செய்தால் உங்கள் கம்ப்யூட்டர் தானாக ‘மிஸ்டர் அண்ட் மிசஸ்’ என்று வரவேற்பு அட்டை அடிக்கிறதே, அதை நிறுத்துங்கள். ஒரு வருடம் நான் மிசஸ் ஆனேன், அடுத்த வருடம் இவர். பாத்ரூமில் இரண்டு ஷேவிங் கிட் வையுங்கள். காலி செய்த பிறகு ‘தங்கல் எப்படி இருந்தது’ என்று போன் செய்வதானால் முன்பதிவு செய்தவரின் எண்ணுக்கு மட்டும் செய்யுங்கள். ஒரு தடவை உங்களில் ஒருவர் ஆதார் முகவரியில் இருந்த வீட்டு எண்ணைத் தேடிப்பிடித்து இவருடைய அம்மாவிடம் ‘உங்க மகனும் அவங்க பார்ட்னரும்’ என்று ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, காது மந்தம், பிசினஸ் பார்ட்னர் என்று எடுத்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் அம்மாவுக்குக் காது மந்தமாக இருக்காது. எங்கள் ஆட்களில் பலருக்கு வீட்டில் தெரியாது. தெரிந்தால் வீடே இருக்காது. அதனால் லாபியில் உரக்கப் பேசிப் பாராட்டவும் வேண்டாம், ஆதரவு காட்டவும் வேண்டாம். சாவியைக் கொடுங்கள்.

அந்தப் பையன் மேல் நடவடிக்கை எதுவும் எடுத்துவிடாதீர்கள். மறுநாள் காலை நாங்கள் லெக்-டெம்முக்குக் கிளம்பும்போது அவன் டூட்டி முடித்து வாசலில் ஆட்டோவுக்கு நின்றிருந்தான். “நல்லா தூங்குனீங்களா சார்?” என்றான். “ஓ, பிரமாதம்” என்றார் இவர். பொய் சொல்லும்போது இவருக்கு இடது காதைத் தடவும் பழக்கம் உண்டு. தடவிக்கொண்டே சொன்னார். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதற்கு அவன் என்ன செய்வான்.

இந்த வருடம் டிசம்பர் 22இல் இருந்து 29 வரை உங்களில் ஒருவரிடம் அறை போட்டிருக்கிறேன். முன்பதிவில் ‘டபுள் பெட்’ என்று இருக்கும். தப்பாக விழவில்லை. தலையணை ஒன்று கூடுதலாக வேண்டும், இவருக்குக் கழுத்து வலி. தெருப்பக்கம் வேண்டாம், விடியற்காலையில் தண்ணீர் லாரிச் சத்தத்தில் எழுந்துவிடுவார், அப்புறம் என்னையும் தூங்க விடமாட்டார்.

இப்படிக்கு,
மார்கழிக்கு வரும் ஒரு ரசிகன்
திருச்சி